லூ வீட்டுச் சோற்றில் ஒரு கிழங்கு

ஆகெனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவன் கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். காலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அது தனிக் கூத்து.

எங்கள் ஏரிக்கரையிலிருந்து விடியலில் படகேறினால் காலைக் கஞ்சி செரிப்பதற்குள் நகரத்துப் படித்துறை வந்துவிடும். படித்துறைக்கு மேலேயே கதைக்கூடம். உள்ளே ஒருவர் நரம்பு வாத்தியத்தை மீட்டிக்கொண்டு கதை சொல்வார், ஊர்ப்பட்ட கிழவர்கள் தேநீரை உறிஞ்சிக்கொண்டு கேட்பார்கள். வாசலில் ஒரு முக்காலி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு குட்டிக் கத்தி. அதுதான் ஆகெனின் கடை. சேற்றில் விளைகிற, நெல்லிக்காய்ப் பருமன் கோரைக்கிழங்கை எடுப்பான். தலையில் ஒரு சீவல், அடியில் ஒரு சீவல், பிறகு கிழங்கைக் கத்தி முனையில் ஒரு சுற்றுச் சுற்றுவான். கருஞ்சிவப்புத் தோல் அறுபடாமல் கீழே விழும், வெள்ளை வெளேரென்று கிழங்கு வாளிக்குள் குதிக்கும். வரிசையாக மூங்கில் குச்சியில் கோத்து நீட்டுவான். கதை கேட்க வருகிறவர்கள் மூக்குக்கண்ணாடியை மறந்தாலும் மறப்பார்கள், ஆகெனிடம் ஒரு குச்சி வாங்காமல் உள்ளே போகமாட்டார்கள். கதையில் நாயகி விம்மி விம்மி அழுகிற இடத்தில் கூடம் முழுக்க நறுக் நறுக்கென்று சத்தம் கேட்கும். கதை சொல்கிறவருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

நான் சியாவ்யுன். கிழங்கு மிதிக்கிறவள். குளிர்காலத்தில் கோரைத் தண்டெல்லாம் காய்ந்து சாய்ந்த பிறகு முழங்கால் சேற்றில் வெறுங்காலோடு இறங்கி, குதிகாலை இப்படியும் அப்படியும் திருக வேண்டும். கால்விரலில் உருண்டையாக எதுவோ தட்டினால் குனிந்து எடுத்துக் கூடையில் போட வேண்டும். சொல்ல எளிது. அந்தக் குளிரில் ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் பேசுங்கள். மிதிக்கிற கிழங்கை மூட்டை கட்டி நகரத்துக்குக் கொண்டுபோய் விற்பதும் நான்தான். ஊரில் என்னை வாயாடி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், இந்த வாய் இல்லையென்றால் இந்தக் கதையே நடந்திருக்காது.

முதல் தடவை ஆகெனைக் கவனித்தது அவன் சாப்பிடும்போது. மத்தியான நேரம், கூட்டம் இல்லை. சொத்தை விழுந்த கிழங்குகளைக் கூடையின் அடியிலிருந்து பொறுக்கி, அழுகலைக் குடைந்து போட்டுவிட்டு, மிச்சத்தைத் தோலோடு தின்றுகொண்டிருந்தான். பக்கத்து வாளியில் உரித்த கிழங்கு மல்லிகைப்பூ மாதிரி மிதக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா தம்பி, கண்ணு முன்னாடி இவ்வளவு கிடக்கு. அதுல ஒண்ணை எடுத்து வாயில போட்டா குடி முழுகிடுமா?"

"உரிச்சது விக்கிறதுக்குக்கா," என்றான், நான் என்னவோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல.

அப்புறம் மெல்ல மெல்ல வாயைக் கிளறித் தெரிந்துகொண்டேன். நினைவு தெரிவதற்கு முன்பே அப்பா அம்மா போய்விட்டார்கள். சித்தப்பாவின் சரக்குப் படகில் வளர்ந்தான். பால்பல் விழுகிற வயதில் சித்தி கையில் கத்தியைக் கொடுத்து உட்கார வைத்தாள். நல்லது சந்தைக்கு, சொத்தை உனக்கு என்பது அவள் சட்டம். சித்தி செத்துப் பல வருஷம் ஆகியும் அந்தச் சட்டத்தை இவன் மட்டும் கட்டிக்கொண்டு அழுதான். ஆள் பார்க்க ஒல்லி, முப்பத்தைந்து வயது, கோபமே வராது. கோபம் வராத ஆளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், ஆனாலும் அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

அடுத்த குளிர்காலத்தில் லிங்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். லிங்தி என் பக்கத்து வீட்டு லூ பெரியவரின் ஒரே மகள். எங்கள் மிதி வரிசையில் முதல் ஆள். பெரிய பாதம், பெரிய சிரிப்பு. சேற்றுக்குள் கிடப்பது கிழங்கா, நத்தையா, ஓட்டுச் சில்லா என்பதை அவள் கட்டைவிரல் தொட்டதும் சொல்லிவிடும். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்றால் அதற்குக் காரணம் அவளல்ல, அந்தக் கிழவர். வீட்டோடு மாப்பிள்ளைதான் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார். வந்தவனையெல்லாம் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒருத்தன் குறட்டை விடுவானாம், மூக்கைப் பார்த்தே தெரிகிறதாம். இன்னொருத்தன் சூப்பை ஊதாமல் குடித்தானாம், அவசரக்காரனாம்.

அன்று லிங்தி கொண்டுவந்தது காட்டுக் கிழங்கு. ஊருக்குக் கிழக்கே ஏரி ஓரச் சதுப்பில் தானாக முளைப்பது, யாரும் நடுவதில்லை. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். இனிப்பு மட்டும் அப்படியொரு இனிப்பு. ஆனால் உரிப்பதற்குள் உயிர் போய்விடும் என்று நகரத்தில் யாரும் வாங்கமாட்டார்கள்.

"இந்தாங்க கத்திக்காரரே, சின்னதா இருக்குன்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க. கடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க," என்றாள் லிங்தி.

ஆகென் கடிக்கவில்லை. ஒன்றை எடுத்து, அந்தப் பொடிக் கிழங்கைப் பொறுமையாக உரித்து, தண்ணீரில் அலசி, அவளிடம் நீட்டினான். "நீங்களே கடிச்சுச் சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து தோலைப் பல்லால் கடித்துத் துப்பித் தின்றவள் அவள். உரித்த கிழங்கை ஒருவர் கையிலிருந்து வாங்கியது அதுதான் முதல் தடவை. வாயில் போட்டாள். எப்போதும் ஊரைக் கூட்டுகிற வாய் அந்தப் பொடிக் கிழங்கை அவ்வளவு நேரம் மென்றது.

"எனக்கும் ஒண்ணு குடேன்டா, நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்றேன். எனக்கும் உரித்துக் கொடுத்தான். இருப்பதிலேயே சின்னது.

அதற்குப் பிறகு மூட்டை தூக்க ஆளில்லை என்று நான் லிங்தியைக் கூப்பிடவேண்டிய தேவையே வரவில்லை. அவளே வந்து என் கதவைத் தட்டினாள். இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று. ஒருநாள் திரும்பும் படகில் சொன்னாள்: "அக்கா, எனக்கு இந்த ஆளை விட்டா வேற ஆள் வேண்டாம். அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்."

பேசினேன். ஆகெனையும் பலகாரம், மது ஜாடியோடு வரச்சொன்னேன். தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்து நின்றான்.

லூ பெரியவருக்கு அந்த வருஷம் புதுப் பல் செட் கட்டியிருந்தார்கள். லிங்தியின் ஏற்பாடு. பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கஞ்சியும் அவித்த பீர்க்கங்காயுமாகக் கிடந்த மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் கடித்தார். முக்கியமாகக் கோரைக்கிழங்கு. எதிரே ஆள் இருந்தால் போதும், சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்துக் காட்டுவார். ஆகென் வணக்கம் சொல்லி நிமிர்வதற்குள் ஒன்றைக் கடித்துவிட்டார்.

"சேத்துல இறங்குவியா?"

ஆகென் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். இந்த இடம் வரும் என்று எனக்குத் தெரியும். படகுச் சிறுவனாக இருந்தபோது ஒரு தடவை கரைச் சேற்றில் காலை வைத்திருக்கிறான், நண்டு கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அன்றிலிருந்து படகிலிருந்து இறங்கினால் பலகைமேல், பலகையை விட்டால் கல்மேல், அப்படித்தான் அவன் வாழ்க்கை.

"பயம்தான்," என்றான் உண்மையாக.

"கிழங்கு மிதிக்கிற வீட்டுக்கு மாப்பிள்ளையா வர்றவனுக்குச் சேறுன்னா பயமாம்! கேட்டியா சியாவ்யுன்?" கிழவர் இன்னொன்றைக் கடித்தார். "சரி. வருஷத்துக் கடைசி மாசம், ஊரே மிதிக்கச் சதுப்பு திறக்கிற அன்னிக்கு வா. மத்தியானத்துக்குள்ள ஒரு கூடை மிதிச்சு நிறைச்சிடு. நிறைச்சா வருஷக் கடைசிச் சோத்துல உனக்கும் ஒரு கிழங்கு. நிறையலேன்னா வந்த வழியே படகேறு."

அது லூ வீட்டு வழக்கம். எங்கள் பக்கத்தில் எல்லோருமே வருஷக் கடைசி விருந்தில் சோற்றுக்குள் கிழங்கைப் புதைத்து வைப்போம். சாப்பிடுகிற குச்சியால் தோண்டி எடுத்தால் தங்கக் கட்டி கிடைத்த மாதிரி. மற்ற வீடுகளில் விருந்தாளிக்கும் வைப்பார்கள். லூ வீட்டில் மட்டும் குடும்பத்து ஆளுக்குத்தான். என்னை எத்தனையோ வருஷம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார் அந்தக் கஞ்சர். அடிவரை தோண்டிப் பார்த்துவிட்டேன், வெறும் சோறு.

சதுப்பு திறக்கிற நாள் வந்தது. ஊரே கரையில் நின்றது. கோரைத்தண்டு பழுப்பாகச் சாய்ந்து கிடந்தது. பெண்கள் நாங்கள் வரிசையாக இறங்கினோம், நடுவில் காற்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு ஆகென். வெள்ளை வெளேரென்ற காலைப் பார்த்து ஃபெங்யிங், அவள் எங்கள் வரிசையிலேயே பெரிய குண்டச்சி, "அடி லிங்தி, காலையும் உரிச்சுட்டு வந்துட்டாரு போலிருக்கே!" என்று கத்தினாள். கரை முழுக்கச் சிரிப்பு. ஆகெனுக்குக் காது சிவந்தது. ஆனாலும் இறங்கிவிட்டான்.

குதிகாலைத் திருகினான். குனிந்து கையை விட்டு ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தான். அடுத்து நத்தை. அடுத்து ஓட்டுச் சில்லு. ஒவ்வொன்றையும் எடுத்துக் கழுவிப் பார்த்து, "இது இல்லையா?" என்று பாவமாகக் கேட்டான்.

லிங்தி உதட்டைக் கடித்துக்கொண்டு எனக்கு ஜாடை காட்டினாள். புரிந்தது. சேற்றுக்குள் கால் என்ன செய்கிறதென்று கரையில் இருக்கிறவனுக்குத் தெரியவா போகிறது? என் காலில் தட்டிய கிழங்கைக் குனிந்து எடுக்காமல் விரலாலேயே தள்ளித் தள்ளி ஃபெங்யிங் பக்கம் விட்டேன். அவள் அதை ஆகெனின் பாதத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து லிங்தியும் தள்ளினாள். ஒரு கூடைக் கிழங்கு அவன் காலுக்குக் கீழே குவிந்திருக்கும். மகராசன் அத்தனையையும் மிதித்துக்கொண்டு நடந்து போனான்! போய்க் குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தான்.

"ஐயோ, இவன் காலென்ன மரக்கட்டையா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. உச்சிவெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கூடையில் அடி மறையவில்லை. லிங்தியின் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது.

லூ பெரியவர் வரப்பின் விளிம்பில் நின்று ரசித்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து ஊர் பார்க்கக் கடித்தார். அந்த நேரம் பார்த்து ஆகென் கால் வழுக்கி, கூடையோடு உட்கார்ந்த வாக்கில் சேற்றில் விழுந்தான். கிழவர் வாயைத் திறந்து சிரித்தார் பாருங்கள், சிரிப்பும் பாதிக் கிழங்கும் பல் செட்டும் ஒன்றாக வெளியே பறந்தன. புளக் என்று ஒரு சத்தம். சதுப்பு விழுங்கிவிட்டது.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கிழவரின் கன்னம் குழிவிழுந்து உள்ளே போவதைப் பார்த்தோம். சட்டைக் கையால் வாயை மூடிக்கொண்டார். காலையிலிருந்து அந்த மனுஷரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த எனக்கே நெஞ்சு சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டு ஊர் முன்னால் குழந்தை மாதிரி நின்றார்.

"யாரும் அசையாதீங்க! மிதிச்சா உடைஞ்சிடும்!" என்று லிங்தி கத்தினாள்.

அப்படியப்படியே நின்றோம். லிங்தி ஒருத்திதான் மெல்ல மெல்ல விரலால் துழாவிக்கொண்டு வந்தாள். கிழங்கு, கிழங்கு, மறுபடியும் கிழங்கு. பல் மட்டும் இல்லை. கிழவர் கரையிலிருந்து என்னவோ சொன்னார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அப்போது ஆகென் அலறினான். "கடிக்குது!"

திரும்பிப் பார்த்தோம். விழுந்த இடத்திலிருந்து எழுந்து ஒற்றைக் கால் ஊன்றி நின்றிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை, உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது.

"எடுங்க காலை! நண்டா இருக்கப் போகுது!" என்றாள் ஃபெங்யிங்.

"எடுக்கமாட்டேன்," என்றான். பல் கிட்டிக்கொண்டது அவனுக்கு. "பெரியவரோட பல்லா இருந்தா? காலை எடுத்தா இன்னும் கீழே போயிடும். நண்டா இருந்தாலும் பரவாயில்ல. யாராவது சீக்கிரம் வாங்க. தயவுசெஞ்சு சீக்கிரம் வாங்க."

லிங்தி போய்க் குனிந்து அவன் பாதத்துக்கு அடியில் கையை விட்டாள். நிமிர்ந்தபோது கையில் பல் செட். அதன் கம்பிக் கொக்கி அவன் கட்டைவிரலைக் குத்தியிருந்தது.

ஊர் சிரித்த சிரிப்பில் ஏரி நாரையெல்லாம் எழும்பிப் பறந்தன. ஃபெங்யிங் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். "மாமனார் இப்பவே கடிக்க ஆரம்பிச்சுட்டாரே!" என்று கரையில் யாரோ கத்தினார்கள். ஆகென் மட்டும் சிரிக்கவில்லை. பல்லை வாங்கிக்கொண்டு போய் ஏரித் தண்ணீரில் அலசினான். இடுப்பிலிருந்து அந்தக் குட்டிக் கத்தியை எடுத்து, பல்லுக்குப் பல் இடுக்கில் ஒட்டியிருந்த சேற்றை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி எடுத்தான். மறுபடி அலசி, சட்டையின் உள்பக்கத்தால் துடைத்து, இரண்டு கையாலும் கிழவரிடம் நீட்டினான்.

கிழவர் திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். கன்னம் உப்பியது. ஆகெனின் கூடையை எட்டிப் பார்த்தார்.

"கூடை நிறையல," என்றார். நடக்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! சேற்றுக் காலோடு பின்னால் ஓடினேன். "நில்லுங்க பெரியப்பா! அந்தப் பல்லு இப்ப யாரால உங்க வாயில இருக்கு? கொஞ்சமாவது நன்றி வேண்டாமா?"

"சொன்னா சொன்னதுதான். கிழங்கு மிதிக்கத் தெரியாதவனுக்கு மிதிச்சவன்னு கிழங்கு வைக்கமுடியாது," என்றார்.

லிங்தி கத்தவில்லை. வரப்பில் ஏறி அப்பா எதிரே வந்து நின்றாள். "சரிப்பா. கிழங்கு வைக்காதீங்க. ஆனா அவரு விருந்துக்கு வருவாரு. என் பக்கத்துல உட்காருவாரு. வெறும் சோறு தின்னுட்டுப் போகட்டும்."

கிழவர் பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தார், கடிக்காமலே மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டைப் பார்த்து நடந்தார்.

வருஷக் கடைசி நாள் சாயங்காலம். கிழவர் காலையிலிருந்தே லிங்தியை அடுப்பங்கரைக்குள் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? மீன் உருண்டை ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு, கொடுக்கப்போவது போலப் போனேன். கிழவரே கதவைத் திறந்தார். கைக் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. "வந்துட்டியா? நீ வராம இருந்தாத்தானே அதிசயம். உட்காரு," என்றார்.

ஆகென் மேசையின் கீழ்க்கோடியில், விருந்தாளி உட்காருகிற இடத்தில், லிங்திக்குப் பக்கத்தில் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கிழவர் சோற்றுக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தானே கொண்டுவந்து வைத்தார். லிங்தி தோண்டினாள். கருஞ்சிவப்புத் தோலோடு ஒரு கிழங்கு வந்தது. தோலோடுதான் வைப்பார்கள், அதுதான் வழக்கம். அவள் அதைத் தின்னாமல் ஓரமாக வைத்தாள், ஆகெனுக்குப் பாதி கொடுக்கத்தான் என்று எனக்குத் தெரிந்தது. கிழவரும் தன்னுடையதைத் தோண்டி எடுத்தார். எனக்கு வெறும் சோறு. நான் அதைப் பற்றிப் பேசவரவில்லை.

ஆகென் தோண்டவில்லை. மேலாக நாலைந்து பருக்கையாக எடுத்துத் தின்றான். இல்லை என்று தெரிந்துகொள்வதைத் தள்ளிப்போடுகிற மாதிரி இருந்தது அது. காய்கறி எடுத்தான், சூப்பை ஊதிக் குடித்தான், மறுபடி கொஞ்சம் பருக்கை. சோறு இறங்கிக்கொண்டே வந்தது. கிழவர் தன் கிண்ணத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

கிண்ணம் பாதியானபோது அவன் குச்சியில் எதுவோ தட்டியது. நின்றுவிட்டான். பிறகு மெதுவாக வெளியே எடுத்தான்.

கிழங்குதான். ஆனால் தோல் இல்லை. யாரோ உரித்திருந்தார்கள். உரித்ததென்று சொல்வதே பாவம், கொத்தி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் சப்பை, ஒரு பக்கம் மூலை மூலையாக, பாதிக் கிழங்கு தோலோடு போய்விட்டது. நான் கிழவரின் கட்டைவிரல் துணியைப் பார்த்தேன்.

ஆகெனும் பார்த்தான். "இது… உரிச்சது," என்றான்.

"ஆமா உரிச்சது. அதுக்கென்ன?" கிழவர் சோற்றைப் பார்த்தே பேசினார். "மிதிச்சவனுக்குக் கொடுக்கிற கிழங்கு இல்ல இது. நீ அதுக்கு லாயக்கில்ல. இந்தச் சியாவ்யுன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா, நீ சொத்தையைத் தின்னே வளர்ந்தவன்னு. ஊருக்கெல்லாம் நீ உரிச்சுக் கொடுக்குறே. உனக்கு எவன்டா உரிச்சுக் கொடுத்தான்?"

லிங்தி அழுதுகொண்டே சிரித்தாள். நான் அழவில்லை, மீன் உருண்டையில் மிளகு கொஞ்சம் தூக்கல். ஆகென் அந்தக் கிழங்கைக் குச்சியில் பிடித்தபடியே இருந்தான். தின்னத் தெரியாதவன் மாதிரி.

"தின்னுடா! இல்லேன்னா பல்லைக் கழட்டி மறுபடியும் உன் கால்ல விட்டுடுவேன்," என்று கிழவர் அதட்டினார்.

வாயில் போட்டுக் கடித்தான். நறுக்கென்றது. மென்றான், நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு. விழுங்கிவிட்டுப் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எப்படி இருக்கு?" என்றார் கிழவர்.

"அடியில கொஞ்சம் தோல் ஒட்டியிருந்துச்சு, அப்பா," என்றான் ஆகென்.